சுவருக்குள் மறைவான சிறு பெட்டகம்: இடம், ஆழம், பூட்டு, பொருத்தும் முறை

சொந்த வீட்டின் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குள், பார்த்தவுடன் தெரியாத வகையில் ஒரு சிறு பெட்டகம் அமைத்து, அதில் கொஞ்சம் நகை, கையிருப்புப் பணம், சில ஆவணங்கள் ஆகியவற்றை வைக்க விரும்புவதாகவும், எந்தச் சுவரை எவ்வளவு ஆழம் வெட்டலாம், எந்தப் பூட்டு நல்லது, தீ விபத்தில் அது தாங்குமா என்று அறிய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும் முன், இத்தகைய பெட்டகத்தால் எது முடியும், எது முடியாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

35 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் கொண்ட ஒரு பெட்டியை 3 மி.மீ. இரும்புத் தகட்டிலும் அதன் கதவை 6 மி.மீ. தகட்டிலும் செய்தால், பூட்டு நீங்கலாக அதன் எடை ஏறக்குறைய 9 கிலோதான் வரும். சுவரிலிருந்து பெயர்த்துவிட்டால் ஒரே ஆள் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், வேறொரு இடத்தில் ஆற அமர உடைத்துவிடலாம். வீட்டு உபயோகப் பெட்டகங்களுக்கு பொருள்களின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்றளிக்கும் அமெரிக்காவின் யூ.எல். நிறுவனம் வகுத்துள்ள தரங்களில் தொடக்க நிலைத் தரம்கூட, சாதாரணக் கைக்கருவிகளைக் கொண்டு நடக்கும் தாக்குதலை 5 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. சந்தையில் கிடைக்கும் சுவர்ப் பெட்டகங்களில் பெரும்பாலானவை அந்தச் சோதனைக்கே உட்படாதவை. ஆகவே, சுவர்ப் பெட்டகத்தின் பலம் முதலில் மறைவிலும், அடுத்து அது சுவரோடு பிணைந்திருக்கும் விதத்திலும், கடைசியாகத்தான் தகட்டின் கனத்திலும் இருக்கிறது. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கனமான பெட்டிக்கு நிறையச் செலவழித்துவிட்டு, அதைப் படுக்கையறையில் ஒரு படத்துக்குப் பின்னால் நான்கு திருகாணிகளில் மாட்டிவைக்கிறார்கள்.

முதல் கேள்வி சுவரைப் பற்றியது. காங்கிரீட் தூண், உத்திரம், சுவர் முழுவதும் காங்கிரீட்டாகவே வார்க்கப்பட்ட அடுக்ககங்களின் சுவர், பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் பொதுவான சுவர் ஆகியவற்றில் உளியே வைக்கக்கூடாது. வாடகை வீட்டில் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் எந்தச் சுவரிலும் வைக்கக்கூடாது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் 11.5 செ.மீ. கனம் மட்டுமே உள்ளதால், அதில் பயனுள்ள ஆழத்துக்குக் குழி வெட்டினால் மறுபக்கம் பூச்சு மட்டுமே மிஞ்சும். மரச் சட்டங்களின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்களில் சட்டங்களுக்கு இடையில் வழக்கமாக 37 செ.மீ. அளவுக்கு அகலமும் 9 செ.மீ. ஆழமும் கொண்ட வெற்றிடம் இருப்பதால் வேலை மிகச் சுலபம். ஆனால் அந்தப் பலகையை எந்தப் பக்கத்திலிருந்தும் கையாலேயே பிய்த்துவிடலாம் என்பதால், அங்கே மறைவு ஒன்றுதான் பாதுகாப்பு. ஆக, உங்களிடம் இருக்கும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் இந்த வேலைக்கு நன்றாக ஒத்துவரும்.

அந்தச் சுவரிலும் இஷ்டம்போல் வெட்ட முடியாது. சுமை தாங்கும் சுவரில் குழாய்க்காகவும் ஒயருக்காகவும் வெட்டும் காடிகளை, அதாவது நீண்ட பள்ளங்களைப் பொறுத்தவரை, நெடுக்குக் காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும் கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக்கூடாது என்பது கட்டுமான விதிகளில் பரவலாகக் காணப்படும் வரம்பு. பெட்டகக் குழி நீண்ட காடி அல்ல என்றாலும், கிடைமட்டமாக வெட்டுவது நெடுக்காக வெட்டுவதைவிட ஆபத்தானது என்ற அடிப்படை இங்கும் பொருந்தும். அதனால்தான் மேலே சொன்ன அளவில் பெட்டியை அகலம் குறைவாகவும் உயரம் கூடுதலாகவும் எடுத்துக்கொண்டேன். சுவரின் முன்பக்கப் பாதிக் கனத்தை மட்டும் எடுத்து, பின்பக்கப் பாதிக் கல்லை அப்படியே விட்டுவிடுவதே நடைமுறையில் சரியாக வரும். மாடியின் சுமையைத் தாங்கும் சுவராக இருந்தாலோ, குழி இதைவிட அகலமாக வேண்டும் என்றாலோ, இருபுறமும் குறைந்தது 15 செ.மீ. உட்காரும்படி மேலே ஒரு சிறு லிண்டல், அதாவது மேல்சுமையைத் தாங்கும் குறுக்குக் கட்டை, வைக்க வேண்டியிருக்கும். அதைக் கொத்தனாரின் வாய்ச்சொல்லை நம்பி முடிவு செய்யாமல் ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னல் ஆகியவற்றின் ஓரத்தை ஒட்டி வெட்டுவதையும், லிண்டலின் முனை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே வெட்டுவதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

வெளிப்புறச் சுவரை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழை நனையும் சுவரில் பாதிக் கனத்தை எடுத்துவிட்டால், மிஞ்சியிருக்கும் பாதி ஈரத்தைச் சுலபமாக உள்ளே விடும். மேலும் வெளிச்சுவர் குளிரும்போது பெட்டியின் பின்தகட்டில் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிந்து, துருவும் பூஞ்சையும் வரும். மறுபக்கத்தில் குளியலறையோ சமையலறைத் தொட்டியோ உள்ள சுவரும் இதே காரணத்துக்காகவும், உள்ளே குழாய் ஓடுவதாலும் ஆகாது. இரண்டு உலர்ந்த அறைகளுக்கு நடுவே உள்ள சுவரே நல்லது. ஒயர்கள் பெரும்பாலும் சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலாகவோ நேர் கீழாகவோ பக்கவாட்டிலோ ஓடும் என்றாலும், எல்லா எலக்ட்ரீஷியன்களும் அந்த ஒழுங்கைப் பின்பற்றியிருப்பார்கள் என்று நம்பிவிட முடியாது; ஆகவே ஒயர் கண்டறியும் கருவியால் சோதித்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும்.

இனி, எந்த அறையில் வைப்பது என்பதைப் பார்ப்போம். வீடு புகுந்து திருடுபவருக்கு நேரம் குறைவு; அவர் முதலில் போவது பெரியவர்கள் படுக்கும் அறைக்கு, அங்கே பீரோவுக்கும் மெத்தைக்கும் கட்டிலோர மேசைக்கும். சுவரில் மாட்டிய படத்தைத் தூக்கிப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். ஆகவே படுக்கையறையைத் தவிர்த்து, பெறுமதியான எதுவும் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத அறையில், தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்தில், ஒரு மூலையை ஒட்டியபடி, மூலையின் மறுசுவரில் ஜன்னலோ கதவோ இல்லாத இடமாகப் பாருங்கள். மூலையில் கடப்பாரையை வீசவோ நெம்பவோ தோதான இடம் கிடைக்காது. தாழ்வாக இருந்தால் நின்றபடி முழு பலத்தையும் செலுத்த முடியாது. சுவரோடு பொருத்தப்பட்ட துணி அலமாரி அல்லது புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு, பழைய சாமான்களை வைக்கும் அறையின் சுவர் அலமாரி ஆகியவை இந்த இலக்கணத்துக்குப் பொருந்துகின்றன. வெளியே வெறும் சுவிட்ச் பலகை போலத் தெரியும் சிறு பெட்டிகளும் கிடைக்கின்றன. ஒரு சங்கிலி, இரண்டு மோதிரம் வைக்க அவை போதும். ஆனால் உண்மையான மின்சாரப் பெட்டிக்குள், ஒயர்களுக்குப் பக்கத்தில் எதையும் ஒளித்துவைக்கக் கூடாது.

மறைக்கும் பலகையைச் செய்வதில்தான் கைத்திறன் தேவைப்படுகிறது. பெட்டகத்தைக் காட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் இந்தப் பலகைதான். அலமாரியின் பின்பலகையில் ஒரு சதுரத்தை மட்டும் வெட்டிக் கதவாக்கினால், அந்தச் சதுரத்தின் நான்கு கோடுகளும் எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் கண்ணில் படும். அதற்குப் பதிலாக, பின்பலகை முழுவதையும் ஒரே அளவான நெடும்பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே ஒரே மாதிரியான 2 மி.மீ. இடைவெளி விட்டு, அவற்றில் ஒரு பட்டையை மட்டும் திறக்கும்படி செய்தால், அதன் விளிம்பு மற்ற விளிம்புகளோடு கலந்துவிடும். கைப்பிடியோ குமிழோ வேண்டாம். காந்தமோ, அழுத்தினால் விடுபடும் தாழ்ப்பாளோ போதும். மங்கலான பெயிண்ட் அடித்த பலகையில் ஒரே இடத்தை அடிக்கடி அழுத்தினால் சில மாதங்களில் அந்த இடம் மட்டும் விரலின் எண்ணெய்ப் பசையால் மினுமினுக்கத் தொடங்கும் என்பதால், துடைத்தால் போகும் லேமினேட் பரப்பு மேலானது. பட்டை திறக்கும்போது அதன் கீழ்முனை அலமாரித் தட்டில் உராய்ந்து வளைகோடு போடாமல் இருக்கக் கீழே 3 மி.மீ. தூக்கி வையுங்கள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் அந்த ஒரு பட்டை மட்டும் வேறு மாதிரி ஒலிக்கும். அதன் பின்புறம் இன்னொரு அடுக்கு பிளைவுட்டோ தடித்த கார்க் தகடோ ஒட்டினால் ஒலி மற்றவற்றோடு ஏறக்குறைய ஒத்துவரும். முன்னால் வழக்கமான பொருள்கள் அடுக்கியிருக்க வேண்டும். ஒரு அலமாரியில் ஒரு தட்டு மட்டும் காலியாக இருந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். அதே சமயம் மறைவுப் பலகை போதுமான அளவு விலகி, உள்ளேயுள்ள பெட்டியின் கதவு 90 பாகைக்கு மேல் திறக்க இடம் விட வேண்டும். பலகையின் கீலையும் பெட்டிக் கதவின் கீலையும் ஒரே பக்கத்தில் வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

அடிக்கடி திறக்க வேண்டிய பொருள்களை இந்த மறைவில் வைக்காதீர்கள். நாள்தோறும் திறந்து மூடப்படும் எந்த மறைவும் நாளடைவில் தேய்மானத்தாலும், அதைவிட வீட்டிலுள்ளவர்களின் பழக்கத்தாலும் வெளிப்பட்டுவிடும்.

சுவரை வெட்டும் வேலைக்கு வருவோம். குழி ஒவ்வொரு பக்கத்திலும் பெட்டியைவிட ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. வரை பெரிதாக இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சாந்து நிரம்பினால்தான் பெட்டி சுவரோடு ஒன்றாகும். கோட்டை வரைந்து, வைரப் பல் பிளேடு போட்ட கிரைண்டரால் நான்கு பக்கமும் அறுத்துக்கொண்ட பிறகே உளியை எடுங்கள். ஒன்பது அங்குலச் சுவரில் சில கற்கள் நீளவாக்கிலும், சில கற்கள் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை குறுக்காகவும் வைத்துக் கட்டப்பட்டிருக்கும். நீளவாக்குக் கல்லை உளியால் மெல்லப் பெயர்த்துவிடலாம். ஆனால் குறுக்குக் கல்லைச் சுத்தியலால் அடித்தால், அடி நேராக மறுபக்கத்துக்குப் போய், அடுத்த அறையின் பூச்சு உப்பிக்கொண்டு விழும். அந்தக் கற்களைப் பிளேடு போகும் ஆழம் வரை நெருக்கமான கோடுகளாக அறுத்து, பிஸ்கட் பிஸ்கட்டாக உடைத்து எடுக்க வேண்டும். சுவர்த் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்; துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, என்95 வகை முகமூடியும் கண்ணாடியும் அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

பெட்டியைக் கடையில் வாங்கினாலும் பட்டறையில் செய்தாலும், அதன் பக்கங்களில் வளைத்த இரும்புப் பட்டைகளை, அதாவது கதவு நிலைக்கு வைப்பது போன்ற ஹோல்ட்ஃபாஸ்ட்டுகளை, வெல்டிங் செய்து வைப்பது பெரும் பலன் தரும். வழவழப்பான தகட்டைச் சாந்து பிடித்துக்கொள்வதில்லை. இந்தப் பட்டைகளைத்தான் பிடித்துக்கொள்ளும். இவை உட்கார அந்தந்த இடத்தில் குழியைக் கொஞ்சம் ஆழமாகக் கொத்திவிட வேண்டும். பின்புறம் மிஞ்சியிருப்பது பாதிக் கல் மட்டுமே என்பதால், அங்கே துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை முறுக்கினால் கல் பிளக்க வாய்ப்பு உண்டு. துளையை அதிர்வில்லாமல் டிரில் செய்து, தூசியை ஊதி வெளியேற்றிவிட்டு, ரசாயனப் பசை நிரப்பிப் பொருத்தும் ஆங்கர் கம்பிகளே ஏற்றவை. துளையுள்ள செங்கல்லாகவோ இலகுவான காற்றுக்கல்லாகவோ (ஏ.ஏ.சி. பிளாக்) இருந்தாலும் இந்த முறையே நன்றாகப் பிடிக்கும். ஆங்கரின் மரைகள் பெட்டிக்கு உள்ளிருந்துதான் முறுக்கப்பட வேண்டும்.

குழியை நன்றாக நனைத்து, பெட்டியை மர ஆப்புகளில் நிறுத்தி, ரசமட்டம் பார்த்த பின், சாந்து போடுவதற்கு முன்பே கதவைப் பல முறை திறந்து பூட்டிப் பாருங்கள். ஆப்பை இறுக்கும்போதும் சாந்தைக் குத்தி நிரப்பும்போதும் மெல்லிய தகடு ஒன்றிரண்டு மி.மீ. உள்வாங்கினாலே தாழ்ப்பாள் கம்பி அதன் துளைக்குள் போகாது. சாந்து இறுகிய பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. பெட்டிக்குள் அளவாக வெட்டிய இரண்டு மரத்துண்டுகளைக் குறுக்கே முட்டுக் கொடுத்து, பூட்டின் துளைகளையெல்லாம் டேப் ஒட்டி மூடிவிட்டால் இந்தக் கவலை இல்லை. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்த கெட்டியான சாந்தோ, கிரவுட் எனப்படும் சுருங்காத நிரப்புக் கலவையோ கொண்டு அடியிலிருந்து மேலாகக் காற்றுப் பைகள் விழாமல் குத்தி நிரப்ப வேண்டும். 7 நாள் ஈரமாக வைத்திருந்து, பிறகு நன்றாகக் காய விட வேண்டும். அவசரப்பட்டு உடனே ஆவணங்களை வைத்தால் சாந்தின் ஈரம் முழுவதையும் அவையே வாங்கிக்கொள்ளும். சில வாரங்கள் கதவைத் திறந்தே வைத்திருந்து, பிறகு ஒரு வெற்றுக் காகிதத்தை உள்ளே வைத்து இரண்டு மூன்று நாள் மூடி, அது மொடமொடப்பாகவே இருக்கிறதா என்று பார்த்த பிறகு பயன்படுத்தத் தொடங்கலாம்.

பூட்டைப் பொறுத்தவரை, மலிவான மின்னணுப் பெட்டகங்களில் ஒரு சிறு மின்காந்த ஊசிதான் தாழ்ப்பாளைத் தடுத்து நிறுத்துகிறது. அத்தகைய பெட்டகங்களில் சிலவற்றைக் கதவின் மேல் ஓங்கி ஒரு குத்து விட்டோ வலுவான காந்தத்தை வைத்தோ திறந்துவிடலாம் என்பது பலமுறை செய்துகாட்டப்பட்ட குறை. மோட்டாரால் தாழ்ப்பாளை நகர்த்தும் வகை மேலானது. நான்கு இலக்க எண்ணை மட்டும் வைத்து, அதே நான்கு பொத்தான்களை ஆண்டுக்கணக்கில் அழுத்திக்கொண்டிருந்தால், எந்தப் பொத்தான்கள் என்பது தேய்மானத்திலேயே தெரிந்துவிடும். அந்த நான்கும் வெவ்வேறு இலக்கங்களாக இருந்தால் மிஞ்சுவது 24 வரிசைகள் மட்டுமே. ஆறு இலக்கங்களும், தவறான எண்ணைச் சில முறை அழுத்தினால் சிறிது நேரம் முடங்கிப்போகும் வசதியும் இருக்க வேண்டும். பேட்டரியை வெளியிலிருந்து மாற்ற முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அவசரச் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதீர்கள், இப்படிச் செய்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். சாவி மட்டும் உள்ள பூட்டு நம்பகமானதுதான், ஆனால் சாவியை ஒளிக்க இன்னொரு மறைவிடம் தேட வேண்டும். எப்போதாவது மட்டும் திறக்கும் பெட்டகத்துக்கு எண் வட்டைச் சுழற்றித் திறக்கும் இயந்திரப் பூட்டையே நான் தேர்ந்தெடுப்பேன்: பேட்டரி வேண்டாம், எந்த எண் என்பதற்கான தடயமும் அதில் படியாது. ஆனால் அது ஆழத்தில் கூடுதல் இடத்தைப் பிடிக்கும்.

தீயைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன்: வெறும் தகட்டுப் பெட்டி காகிதத்தைக் காப்பாற்றாது. பின்னாலும் பக்கங்களிலும் செங்கல் வெப்பத்தைத் தடுத்தாலும், முன்கதவு வெப்பத்தை அப்படியே உள்ளே கடத்தும். காகிதத்துக்கான தீத்தடுப்புத் தரங்களில் உள்வெப்பம் 177 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது என்றும், வன்தட்டு, பென் டிரைவ் போன்றவற்றுக்கு 52 பாகையைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறார்கள். எரியும் அறையின் வெப்பமோ 600 பாகையைச் சாதாரணமாகக் கடக்கும். தூய தங்கம் உருக 1064 பாகை வேண்டும் என்பதால் நகை பெரும்பாலும் தப்பிவிடும். முத்து தப்பாது, ஒட்டவைத்த கற்களும் தப்பாது. தீத்தடுப்புப் பெட்டிகளின் உள்ளடுக்கில் ஜிப்சம் போன்ற நீர் அடங்கிய பொருள் இருக்கிறது. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 விழுக்காடு நீர்தான், அது ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய கனம் 10 செ.மீ. ஆழப் பெட்டியில் பொருள் வைக்கும் இடத்தையே விழுங்கிவிடும். எனவே மூல ஆவணங்களையும், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் அணியும் கனமான நகைகளையும் வங்கி லாக்கரில் வைப்பதே சரி. சுவர்ப் பெட்டகத்தில் ஆவணங்களின் நகல்கள் இருக்கட்டும்.

உள்ளே அடியில் விரிக்க ரப்பர் நுரையையோ கம்பளித் துணியையோ பயன்படுத்தாதீர்கள். இரண்டும் கந்தகச் சேர்மங்களை வெளிவிட்டு வெள்ளியைக் கறுக்க வைக்கும்; துவைத்த பருத்தித் துணி போதும். ஒரு சிறு சிலிக்கா ஜெல் பையை வைத்து, அது நிறம் மாறும்போது, அதன் உறையில் சொல்லியுள்ளபடி அடுப்பில் உலர்த்தி மீண்டும் வைக்கலாம். முத்தும் ஓபலும் அளவுக்கு மீறி உலர்ந்தால் வெடிப்பு விடக்கூடும் என்பதால், அவற்றை ஜெல் பைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வைரம் பதித்த நகையைத் தனிப் பையில் போடாவிட்டால் பக்கத்திலுள்ள தங்கத்தைக் கீறிவிடும்.

இவ்வளவு செய்தும் ரகசியம் வெளியே போகும் வழிகள் சில உண்டு. குழி வெட்டியவரும் அலமாரி செய்தவரும் ஒருவராகவே இருக்க வேண்டாம். குழி வெட்டும் வேலையை வீட்டில் வேறு பழுதுபார்ப்பு நடக்கும்போது சேர்த்துச் செய்து, மறைவுப் பலகையை முடிந்தால் நீங்களே பொருத்துங்கள். பெட்டகம் வந்த அட்டைப் பெட்டியைப் படம் தெரியும்படி குப்பையில் போடாதீர்கள். வீட்டில் இன்னொரு பெரியவருக்கு இடமும் எண்ணும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தப் பொருள் யாருக்கும் பயன்படாமல் சுவருக்குள்ளேயே கிடக்கும். உள்ளே வைத்த ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடையையும் அடையாளத்தையும் குறித்த பட்டியலை வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். காவல்துறையில் புகார் கொடுக்கவும் காப்பீடு கோரவும் அதுதான் ஆதாரம். காப்பீட்டு நிறுவனம் சில தொகைகளுக்கு மேல் தரச் சான்று பெற்ற பெட்டகத்தை மட்டுமே ஏற்கக்கூடும் என்பதால், பெட்டியை வாங்குவதற்கு முன்பே உங்கள் ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.